சேரிச் சபைகளின் கையில் பொறுப்பைக் கொடுத்த பேராயர் அசரியா

ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போனால், பிரதான சாலையில் பெரிய ஆலயங்களையும் சந்துகளுக்குள் சிறிய ஆலயங்களையும் பார்க்கலாம். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மில்லிலும் ஆலையிலும் வேலை தேடி, செங்கல்பட்டு, வட ஆற்காடு கிராமங்களிலிருந்து வந்த தலித் குடும்பங்களின் உழைப்பில் எழுந்தவை அவற்றில் பல. வாரக் கூலியில் மிச்சம் பிடித்த காணிக்கையில்தான் அந்தச் சுவர்கள் உயர்ந்தன.

அந்த வேலைகள் இன்று இல்லை. பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது 2011-ல் நின்று, எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் நிறுத்தப்பட்டது. மூட்டை தூக்கிய இடத்தில் கன்டெய்னரும் கிரேனும் நிற்கின்றன. வேலை போன இடத்திலிருந்து படித்த பிள்ளைகளும் வெளியே போகிறார்கள். அப்படியானால் இந்தச் சபைகள் இன்னும் இருபது ஆண்டுகளில் எப்படி இருக்கும்? அதை யார் உட்கார்ந்து யோசிப்பது? மேலிடம் சொல்லும் என்று காத்திருப்பதா, சபையாரே கூடித் திட்டம் போடுவதா?

இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் செயலில் பதில் சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத, நிலமில்லாத, ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களைக் கொண்டே அவர் அதைச் செய்தார். அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர். அவர் வாழ்க்கையை இந்த வாரம் நாம் பார்ப்போம்.

வெள்ளாளன்விளையிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர் வட்டாரத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்ட் 17 அன்று அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். தாய் எலன். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அசரியா தலித் அல்ல என்பதை இந்தப் பத்தியில் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அவருடைய தாத்தா காலத்தில் அந்தச் சமூகமும் கோயிலுக்குள் போக முடியாமல், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம்தான். பள்ளிக்கூடமும் சபையும் அவர்களை நிமிர்த்தின. நிமிர்ந்தவர்கள் தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களை எப்படி நடத்தினார்கள் என்பது வேறு கதை. மெய்ஞ்ஞானபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்த நாட்களிலேயே, மாணவர்களுக்குள் இருந்த சாதிப் பிளவைக் குறைக்க ஒரு சங்கம் அமைக்க அசரியா துணை நின்றார்.

மேற்படிப்புக்காக அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். தாம்பரத்துக்கு 1937-ல் மாறும் முன்பு அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. துறைமுகம் பக்கத்திலேயே. ராயபுரமும் நடந்து போகும் தூரம்தான். கடைசித் தேர்வின்போது உடல்நலம் கெட்டதால் பட்டம் வாங்காமலேயே படிப்பு முடிந்தது. பட்டமில்லாத அந்த மனிதருக்கு 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தேர்வில் தவறினால் வாழ்க்கையே போயிற்று என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் செயலாளராகச் சேர்ந்த அவர், 1909 வரை தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1898-ல் அன்பு மாரியம்மாளைத் திருமணம் செய்தார். தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்புக்குப் போன முதல் கிறிஸ்தவப் பெண்களில் அந்த அம்மையாரும் ஒருவர். பிற்காலத்தில் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் பாதிப் பாரத்தை அவரே சுமந்தார்.

யாழ்ப்பாணத்தில் கிடைத்த யோசனை

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் ஊழியர்களை வேறு இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவருக்கு உறைத்தது. திருநெல்வேலியில் சபைகள் பெருகி, படிப்பும் வசதியும் வந்துவிட்டன. ஆனால் பிறருக்குக் கொடுக்கும் வேலையை இன்னமும் வெள்ளைக்காரர்களே செய்துகொண்டிருந்தார்கள். வாங்கி மட்டுமே பழகிய சபை வளராது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

1903 பிப்ரவரியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம், இந்திய ஊழியர். 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில், எல்லாச் சபைப் பிரிவினரும் சேர்ந்து தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டிலும் அசரியாவின் கை இருந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்த ஆண்டு அது. உப்பிலும் துணியிலும் எழுந்த சுதேசிக் கேள்வியைச் சபைக்குள் எழுப்பியவர்கள் இவர்கள்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். அன்றைய ஹைதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியில் ஒரு ரயில் சந்திப்பு அது. இன்றைக்குத் தெலங்கானாவில் இருக்கிறது. பிறரை அனுப்பிவிட்டுத் தான் சென்னையில் இருப்பது சரியில்லை என்று, நல்ல பதவியை விட்டுவிட்டு 1909-ல் அசரியா அங்கே போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டார்.

எடின்பரோவில் எழுப்பிய பிரச்சினை

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அதில் ஒருவர் அசரியா. அந்த மேடையில் அவர் பேசியது பலருக்குக் கசந்தது. மிஷனெரிகள் இந்தியாவுக்குப் பொருளைக் கொடுத்தார்கள், உழைப்பைக் கொடுத்தார்கள், உயிரைக்கூடக் கொடுத்தார்கள். நட்பை மட்டும் கொடுக்கவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். எசமானும் வேலைக்காரனும் போன்ற உறவு இருக்கும்வரை சபை சொந்தக் காலில் நிற்காது என்று அவர் விளக்கினார். கூடத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு, கைதட்டியவர்களும் உண்டு.

இந்தப் பேச்சைத் தலித் வாசகர்கள் இன்னொரு விதமாகவும் படிக்கலாம். வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் இடையே அசரியா கேட்ட அதே சமத்துவத்தைத்தான், சாதிக் கிறிஸ்தவரிடம் தலித் கிறிஸ்தவர் இன்றும் கேட்கிறார். ஒரே ஆலயத்தில் திருவிருந்து வாங்கிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் நாடறிந்த செய்தி.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியக் குருமார் வேலை செய்வார்களா என்று எதிர்ப்பு இருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். அவரை முன்மொழிந்து கடைசிவரை உறுதியாக நின்றவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்.

மாலா, மாதிகா மக்களின் சபை

தோர்ணக்கல் பேராயத்தில் சபைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரண்டு தலித் சமூகத்தார். முன்னவர் வயல் கூலிகளாகவும் நெசவாளிகளாகவும், பின்னவர் தோல் வேலையிலும் இருந்தவர்கள். தனித்தனி ஆளாக அவர்கள் வரவில்லை. தெருவாகக் கூடிப் பேசி, பெரியவர்கள் முடிவெடுத்து, சேர்ந்தே வந்தார்கள். சோற்றுக்காக வந்த கூட்டம் என்று அன்றும் சிலர் ஏளனம் செய்தார்கள். அசரியா அப்படிப் பார்க்கவில்லை. கூடி முடிவெடுக்கத் தெரிந்த மக்களுக்குக் கூடித் தங்கள் நாளையைத் திட்டமிடவும் தெரியும் என்பது அவர் எண்ணம்.

அதற்கு அவர் என்ன செய்தார் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆசிரியர். ஒரு தெரு ஞானஸ்நானம் கேட்டால் உடனே தண்ணீர் ஊற்றிவிட மாட்டார்கள். முதலில் ஓர் ஆசிரியரும் மனைவியும் அங்கே குடியேறுவார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்குப் பாடம். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தெலுங்குக் கீர்த்தனைகள் வழியாகப் போதனை. 1935 வாக்கில் பேராயத்தில் இப்படி 2,000 பேருக்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்கள் இருந்தார்கள்.

இரண்டாவது, குருமார். வெளியூரிலிருந்து படித்தவர்களைக் கொண்டு வந்து நிரப்பாமல், அதே மக்களிலிருந்து குருமாரை உருவாக்கினார். தோர்ணக்கல்லில் நடந்த இறையியல் பள்ளியில் கணவனோடு மனைவிக்கும் பயிற்சி உண்டு. 1924-ல் பேராயத்தில் ஐரோப்பியக் குருமார் 8 பேர், இந்தியக் குருமார் 53 பேர். அடுத்த பத்தாண்டில் இந்தியர் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. நேற்றுவரை ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர் மகன், அங்கியோடு பலிபீடத்தின் முன் நின்றான்.

மூன்றாவது, பணம். ஏழைகளிடம் காணிக்கை கேட்பது பாவம் என்று சில மிஷனெரிகள் எண்ணினார்கள். ஏழை எதையும் கொடுக்க முடியாதவன் என்று நினைப்பதே அவனை அவமதிப்பது என்று அசரியா எண்ணினார். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் வீடுதோறும் பரவியது. அறுப்பின் பண்டிகையில் தானியம், கோழி, காய்கறி என்று கையில் இருப்பதைக் கொண்டுவந்தார்கள். சேர்ந்ததை எதற்குச் செலவிடுவது என்று பேச அவர்களுக்கு உரிமை வந்தது. கணக்குக் கேட்கும் உரிமை, கொடுத்தவனுக்குத்தான் முழுசாக வரும்.

நான்காவது, எல்லோருக்கும் வேலை. ஆண்டில் ஒரு வாரம் சபையார் அனைவரும், கூலியாட்களும் பெண்களும் உட்பட, பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கும் ஊழியர் மட்டும் பேசுவது சபை ஆகாது என்பது அவர் கொள்கை. 1920-களுக்குப் பிறகு அந்தப் பகுதியின் சாதி இந்துக்கள் சிலரும் சபையில் சேர்ந்தார்கள். மாலா, மாதிகா மக்களின் மாற்றமே அதற்குக் காரணமாக இருந்தது. ஊர், சேரியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பேராயர் இதையெல்லாம் பங்களாவில் உட்கார்ந்து நடத்தவில்லை. மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். தோர்ணக்கல் பேராலயத்தை எழுப்ப ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1939 ஜனவரி 6 அன்று அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் தூண், மசூதிக் குவிமாடம், சிலுவை, தாமரை எல்லாம் கலந்த கட்டடம் அது. பிறந்த மண்ணை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை என்று படிக்காதவருக்கும் புரியும்படி அந்தக் கல் சொன்னது.

பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க

அசரியா திட்டமிட்ட இன்னொரு நாளை, சபை ஒற்றுமை. ஒரே தெருவில் ஒரே சாதி மக்கள், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பழைய சண்டைகளால் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல் என்று பிரிந்து கிடந்தார்கள். அந்தச் சண்டைக்கும் நம் மக்களுக்கும் என்ன தொடர்பு? 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர அனைவரும் இந்தியர். அசரியாவும் சந்தியாகு ஐயரும் முன்னின்றார்கள். இணைப்புக்கான அறிக்கை அங்கே பிறந்தது.

1935 அக்டோபரில் இயோலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று டாக்டர் அம்பேத்கர் அறிவித்தபோது, இந்த ஒற்றுமை வேறு கனம் பெற்றது. எங்கள் மக்கள் கிறிஸ்தவர்களானால் நாடெங்கும் ஒரே சமூகமாக இருப்பார்களா, இல்லை பல சபைகளாகச் சிதறிப்போவார்களா என்பது அம்பேத்கர் பக்கத்துக் கேள்வி. அதற்கு நேரான பதில் தன்னிடம் இல்லாதது அசரியாவை வருத்தியது என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் காண்கிறோம்.

பேச்சுவார்த்தைகள் இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டன. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் அசரியா காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. இன்று நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்லும் சபை அதுதான். நட்டவர் கனியைப் பார்க்கவில்லை.

நாம் ஒத்துக்கொள்ள முடியாத இடங்கள்

பெரியவர் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று அசரியா வாதிட்டார். சபை இன்னொரு சாதிக் கூட்டமாக மாறிவிடும் என்று அஞ்சினார். அச்சம் நியாயமானதே. ஆனால் அதிகாரத்தில் பங்கு இல்லாத ஏழைக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை அம்பேத்கர் கண்ட அளவுக்கு அவர் காணவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1936-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியில் சேர மாட்டார் என்று சொன்னது. 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணையும் அதே வழியில் போனது. சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம். இந்தக் கேள்வியை ஆராய 2022-ல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதரவாகத் தீர்மானம் போட்டது.

மாலாவுக்கும் மாதிகாவுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வும் அசரியா காலத்தில் தீரவில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. முந்திக்கொண்டவர் பின்னால் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காவிட்டால், சபையிலும் அதுதான் நடக்கும்.

வட சென்னை எடுத்துக்கொள்ள வேண்டியது

அசரியாவின் முறை கடினமானதல்ல. ராயபுரத்துச் சபையோ எண்ணூர்ச் சபையோ, ஒரு ஞாயிறு மாலை பாயை விரித்து உட்கார்ந்து பேசினால் போதும். நம் சபையில் எத்தனை வீடுகள்? எத்தனை பேருக்கு நிலையான வேலை? பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் யார்? தனியாக இருக்கும் விதவைகளும் முதியவர்களும் எந்தத் தெருவில்? முதலில் இந்தக் கணக்கு வேண்டும். அசரியா ஆசிரியரைக் குடியேற்றியது இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளத்தான்.

அடுத்தது, யார் பேசுவது? சேகரக் கமிட்டியில் எப்போதும் பேசும் நான்கு பேரோடு முடித்துவிட்டால் அது திட்டம் ஆகாது. துப்புரவு வேலை செய்யும் பெண்ணும், ஒப்பந்தக் கூலியாக ஆலைக்குப் போகும் இளைஞனும், வாடகை வீட்டில் இருப்பவரும் பேச வேண்டும். ஆலயத்துக்கு மார்பிள் போடுவதா, மாலை நேரப் பாடசாலை வைப்பதா என்பதை அவர்கள் முன்னால் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது, சபைக்கு வெளியே உள்ளவர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தக் காற்று மதம் பார்த்து வீசவில்லை. மீனவர், தலித், இஸ்லாமியர், இந்து என்று எல்லோரோடும் சேர்ந்து நிற்காத சபைக்கு இந்த மண்ணில் நாளை கிடையாது. நட்பைக் கொடுக்கவில்லை என்று எடின்பரோவில் அசரியா கேட்டது, நம் பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடமும் கேட்கக்கூடிய கேள்வி.

தோர்ணக்கல் மக்களிடம் கட்டடமோ வங்கிக் கணக்கோ பட்டமோ இல்லை. உலை வைக்கும்போது எடுத்த ஒரு கைப்பிடி அரிசியும், தெருக்கூடிப் பேசும் பழக்கமும் இருந்தன. வட சென்னைச் சபைகளிடம் அதைவிட அதிகமே இருக்கிறது. கூடிப் பேசும் நாளைக் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.